கவனம் கூடினால் ஸ்பைக்கும் கூடுமா? செவிப்புலப் பாடம் படித்த அனுபவம்

ஒலியைக் கவனித்து ஒரு வேலை செய்யும் விலங்கின் செவிப்புறணியில் (மூளையில் ஒலியைக் கையாளும் பகுதி) உள்ள நியூரான்களில் என்ன மாறும்? வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்டபோது, "ஸ்பைக் கூடும்", அதாவது நியூரானின் மின் துடிப்புகள் அதிகமாகும் என்று உடனே சொல்லிவிட்டேன். "அப்படியானால் ஒடாஸு, ஸேடர் குழு 2009-ல் எலிகளில் கண்டது என்ன?" என்று அடுத்த கேள்வி வந்தது. எனக்கு வாய் எழவில்லை. அந்த எலிகள் வேலையில் இறங்கியதும் ஒலிக்கான பதில் குறைந்திருந்தது. அது மட்டுமல்ல, மோப்ப வேலை செய்தபோதும் அது குறைந்தது.

அப்புறம் முதலிலிருந்து படித்தேன். 1959-ல் ஹ்யூபெல் குழு, பூனை ஒலியின் பக்கம் கவனம் வைத்தால் மட்டும் துடிக்கும் செல்களைக் கண்டது. 2003-ல் ஃப்ரிட்ஸ், ஷம்மா குழு ஃபெரட்களில் (கீரி போன்ற சிறு விலங்கு) பார்த்தபோது, தேட வேண்டிய அதிர்வெண்ணுக்கான உணர்திறன் சில நிமிடங்களிலேயே கூடியது. ஒன்றில் ஏற்றம், ஒன்றில் இறக்கம். இரண்டையும் சேர்த்து எப்படிப் புரிந்துகொள்வது?

எனக்கு வழி காட்டியது ஒரு கணக்குதான். சும்மா கேட்கும்போது, ஒலி இல்லாத தடவைகளில் சராசரி 10 ஸ்பைக், ஒலி உள்ளபோது 14, திட்ட விலக்கம் 4 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசத்தை விலக்கத்தால் வகுத்தால், ஒலி உள்ளதையும் இல்லாததையும் எவ்வளவு தெளிவாகப் பிரிக்கலாம் என்பதன் அளவான டீ-பிரைம் 1. வேலையில் இறங்கியதும் அவை 5, 8, விலக்கம் 2 என்று ஆகின்றன. வித்தியாசம் 4-லிருந்து 3 ஆகக் குறைந்தும் டீ-பிரைம் 1.5! துடிப்பு குறைந்தது, ஆனால் கண்டறிதல் தெளிவானது. இது புரிந்த நாளில் எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது.

அதே பிரித்தறிதலை அளக்கும் இன்னொரு எண்ணான ஆர்ஓசி பரப்பையும் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஒலி உள்ள தடவைகளின் ஸ்பைக் எண்ணிக்கைகள் 10, இல்லாதவற்றின் 10. மொத்தம் 100 ஜோடிகள். ஒலிப் பக்கம் பெரிதாக இருந்தால் 1, சமமென்றால் அரை. கூட்டி 100-ஆல் வகுத்தால் அதுதான் பரப்பு. 0.5 வந்தால் அந்த நியூரான் வெறுமனே ஊகிக்கிறது. சூத்திரத்தை மனப்பாடம் செய்த வாரங்களைவிட இந்த அரை மணி நேரம் எனக்கு அதிகம் கற்றுத் தந்தது. 2012-ல் நிவா, சட்டர் குழு மக்காக் குரங்குகளில் செய்த ஆய்வை இதற்குப் பிறகு படியுங்கள். ஒலியின் அளவு ஏறி இறங்குவதைக் குரங்கு தேடிக் கேட்கும்போது நியூரான்களின் பாகுபடுத்தும் திறன் எப்படிக் கூடுகிறது என்பது சட்டென்று விளங்கும்.

இன்னொன்று. வேலையில் ஈடுபடுவதும் ஒலியைக் குறிப்பாகக் கவனிப்பதும் ஒன்றல்ல. விழிப்பு, உடல் அசைவு, வெகுமதியை எதிர்பார்ப்பது எல்லாம் கூடவே வரும். அதனால் எந்த ஆய்வை எடுத்தாலும், இரண்டு நிலைகளிலும் அதே ஒலியைத்தான் கொடுத்தார்களா, ஒலி வருவதற்கு முன்பிருந்த துடிப்பு மாறியதா என்று முதலில் தேடுவேன்.

தேர்வில் ஸ்பைக் எண்ணிக்கைகளின் பரவலைப் படமாக வரைந்தால், சும்மா கேட்பது, வேலை செய்வது ஆகிய இரண்டு நிலைகளையும் ஒரே அளவுகோலில், ஒன்றன்கீழ் ஒன்றாக வரையுங்கள். மேடுகள் இடப்பக்கம் நகர்ந்து ஒடுங்குவது அப்போதுதான் தெரியும். நான் முதலில் தனித்தனி அளவில் வரைந்ததால் இரண்டும் ஒரே மாதிரி தெரிந்தன.