கைக்கு ஒரு வேலை

குழந்தைகள் அவசரப் பிரிவில் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருடங்கள் நான் நிறையத் திட்டியிருக்கிறேன். பெற்றவர்களை, பாட்டிகளை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரரைக்கூட. "பச்சப் புள்ளைக்கு இதையா குடுப்பீங்க?" என்று சத்தம் போட்டபடியே கையில் ஊசி ஏற்ற நரம்பு தேடுவேன். குழந்தை மேல் இருந்த பதைப்பில் வந்த கோபம்தான். ஆனால் அந்தக் கோபத்தால் குழந்தைக்கே கெடுதல் வரும் என்பதை ஒரு அப்பாயிதான் எனக்குப் புரியவைத்தார்.

2009ஆம் ஆண்டு. 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத சமயம். காவிரிக் கடைமடைப் பக்கம் ஒரு அரசு மருத்துவமனை. காலை பதினொன்றரை மணி இருக்கும். ஒன்றரை வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்பாயி வந்தார். அம்மா நடவுக்குப் போயிருந்தாராம். விளக்குக்கு ஊற்றுவதற்காகத் தண்ணீர் பாட்டிலில் வைத்திருந்த மண்ணெண்ணெயைப் பையன் குடித்துவிட்டான். சட்டையெல்லாம் வாடை. விடாமல் இருமினான். மூச்சு வேறு வாங்கியது.

"வாந்தி எடுக்க வச்சீங்களா?" என்று கேட்டேன். நான் கேட்ட தோரணை இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அப்பாயி தலையை ஆட்டி, "இல்ல" என்றார்.

முதல் எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் காய்ச்சல் வந்தது, மூச்சு இன்னும் வேகமானது, ஆக்ஸிஜன் வைத்தோம். மூன்றாம் நாள் இரவு, பையன் கொஞ்சம் தெளிந்து தூங்கிய பிறகு, அப்பாயி நான் உட்கார்ந்திருந்த மேசைப் பக்கம் வந்து நின்றார். உப்பைக் கரைத்து ஊற்றி, தொண்டையில் விரலை விட்டு, மூன்று தடவை வாந்தி எடுக்க வைத்ததாகச் சொன்னார். "நீ கேட்ட கேள்வியிலயே திட்டு இருந்துச்சு தாயி. அதான் மறைச்சுட்டேன்."

மண்ணெண்ணெய் வயிற்றில் கிடக்கும்போது செய்கிற கெடுதலைவிட, நுரையீரலுக்குள் போனால் செய்கிற கெடுதல் பல மடங்கு. மெல்லிய திரவம், சட்டென்று பரவிவிடும். வாந்தி எடுக்க வைத்தால், ஏற்கெனவே ஒரு தடவை மூச்சுக்குழல் வாசலைத் தாண்டிப் போனது மறுபடியும் அதே வாசலுக்கு வருகிறது. மூன்று தடவை வாந்தி எடுத்த பிள்ளை என்று தெரிந்திருந்தால், முதல் மணி நேரத்திலிருந்தே டாக்டர் அவனை வேறு கண்ணோடு பார்த்திருப்பார். உப்புக் கரைசல் தனியாக ஒரு ஆபத்து. அதையும் நாங்கள் பார்க்கவில்லை. எனக்குப் பயந்து அவர் சொன்ன ஒரு "இல்ல"தான் காரணம்.

பையன் பிழைத்தான். ஆறாம் நாள் வீட்டுக்குக் கிளம்பும்போது அப்பாயி கேட்டார்: "வாந்தி எடுக்க வைக்கப்படாதுங்கிற, சரி. அப்ப என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாதீங்க. நேரா தூக்கிட்டு வாங்க."

"புள்ள தவிக்கிறப்ப கை சும்மா இருக்குமா தாயி?"

என்னிடம் பதில் இல்லை. அவர் போன பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. நாங்கள் போடும் சுவரொட்டி, பேசும் பேச்சு எல்லாவற்றிலும் "செய்யாதீர்கள்" என்பதுதான் முதலில் வரும். உயிருக்கு உயிரான பிள்ளை கண்ணெதிரே துடிக்கும்போது யாராலும் சும்மா நிற்க முடியாது. கைக்கு ஏதோ ஒரு வேலை வேண்டும். நல்ல வேலையை நாம் கொடுக்காவிட்டால், பழகிய வேலையைத்தான் அது செய்யும்.

அதற்குப் பிறகு, ஒவ்வொரு "கூடாது"க்கும் பதிலாகக் கைக்கு என்ன வேலை கொடுக்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்தேன். மண்ணெண்ணெய் என்றால்: நனைந்த சட்டையைக் கழற்று, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவு, பிள்ளையை நிமிர்த்தி உட்காரவை, குடித்த பாட்டிலை மீதியோடு கையில் எடு, 108க்குப் போன் போடு. வாய்க்குள் எதையும் ஊற்றாதே என்பது இதற்கு நடுவில் ஒரு வாக்கியமாக வந்துவிடும். ஐந்து வேலை சொன்ன பிறகு அந்த ஒரு தடையை யாரும் மீறுவதில்லை.

தீக்காயத்தில் இது இன்னும் நன்றாக விளங்கியது. ஒரு காலை நேரம், கொதிக்கும் ரசம் கொட்டிய இரண்டு வயதுப் பெண் குழந்தை வந்தாள். வலது கை முழங்கை வரை வெள்ளையாக இருந்தது. இட்லி மாவு. அரை மணி நேரத்தில் காய்ந்து, ஓரங்களில் வெடித்து, கொப்புளத் தோலோடு ஒட்டிப்போயிருந்தது. உப்புநீர் மருந்தில் பஞ்சை நனைத்து, துளித் துளியாக ஊறவைத்து எடுத்தோம். மாவோடு சேர்ந்து தோலும் வந்தது. அவள் அழுது அழுது ஒரு கட்டத்தில் சத்தமே வரவில்லை, வாய் மட்டும் திறந்திருந்தது. வெள்ளி வளையல் வீக்கத்தில் புதைந்து, வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அம்மா சுவரோரம் நின்று, "குளுகுளுன்னு இருக்குமேன்னு போட்டேன் சிஸ்டர்" என்றார்.

அவர் நினைத்ததில் தப்பில்லை. சூடு பட்ட இடத்தைக் குளிர வைக்கத்தான் வேண்டும். அதற்கு வேண்டியது தண்ணீர், அதுவும் 20 நிமிடம். குழாய் இருந்தால் குழாயடியில் காட்டலாம். இல்லாவிட்டால் வாளியும் செம்பும் போதும், ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஐஸ் வேண்டாம். சின்னக் குழந்தை என்றால் காயம் இல்லாத உடம்பைத் துணியால் போர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு சில்லிட்டுப்போகும். வளையல், கொலுசு, அரைஞாண் எல்லாம் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். அப்புறம் சுத்தமான துணியால் தளர மூடிக்கொண்டு வரலாம். 20 நிமிடம் என்றால் எவ்வளவு என்று ஒரு பாட்டிக்குச் சொல்லத் தெரியாமல் திணறியபோது, அவரே சொன்னார்: "அரை மணி சீரியல்ல வெளம்பரத்தக் கழிச்சுட்டா மிஞ்சுற நேரம்." சரியான கணக்கு. அன்றிலிருந்து நானும் அப்படித்தான் சொல்கிறேன்.

எனக்கு ரொம்பக் கவலை தரும் விஷயம் காய்ச்சல் மருந்து. பாராசிட்டமால் எல்லா வீட்டிலும் இருக்கிறது, அதனாலேயே யாரும் அதற்குப் பயப்படுவதில்லை. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். சாதாரண சிரப்பில் 5 மில்லியில்தான் 125. இன்னொரு சிரப்பில் அதே 5 மில்லியில் 250. பெயர் ஒன்று, படம் ஒன்று, நிறம்கூட ஒன்றாக இருக்கும். ஆனால் சொட்டு மருந்து, முதல் சிரப்பைப் போல நான்கு மடங்கு வீரியம். 10 கிலோ குழந்தைக்கு டாக்டர் 150 மில்லிகிராம் எழுதினால், அது சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி, 125 சிரப்பில் 6 மில்லி, 250 சிரப்பில் 3 மில்லி. பழைய சீட்டில் "5 மில்லி" என்று இருந்ததைப் பார்த்து, புதிதாக வாங்கிய சொட்டு மருந்தை 5 மில்லி கொடுத்து, அதையும் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை விடாமல் கொடுத்து, கல்லீரல் கெட்டு வந்த குழந்தையைப் பார்த்திருக்கிறேன். கொடுத்தவர் படித்த தகப்பனார். மணி தவறாமல், அலாரம் வைத்துக் கொடுத்திருக்கிறார்.

இதற்கும் கைக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். வெள்ளை பிளாஸ்திரியில் ஒரு துண்டு வெட்டி, குழந்தையின் பெயர், எடை, இந்த பாட்டிலில் எத்தனை மில்லி என்று எழுதி பாட்டில் மேலேயே ஒட்டிக் கொடுப்பேன். ஊசியில்லாத சிரிஞ்சில் பேனாவால் ஒரு கோடு. "இந்தக் கோட்டுக்கு மேல போகக்கூடாது, ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல வேண்டாம், பாட்டில் மாறினா என்கிட்ட காட்டுங்க." எடை ஏறினால் புது பிளாஸ்திரி.

சில வருடங்கள் கழித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றல் வந்தது. புதன்கிழமை தடுப்பூசி நாள். வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களிடம் இதையெல்லாம் சொல்வேன். நன்றாகக் கேட்டுக்கொள்வார்கள். ஒரு நாள் ஒவ்வொருவரிடமும் கேட்டேன்: "நாளைக்குக் காலையில பத்து மணிக்குப் புள்ள யார்கிட்ட இருக்கும்?" பாதிப் பேருக்கு மேல் சொன்ன பதில்: மாமியார், அம்மா, பக்கத்து வீட்டு அக்கா, அஞ்சாவது படிக்கும் பெரிய பொண்ணு. நான் இத்தனை நாளும், சம்பவம் நடக்கும்போது வேலையில் இருக்கப்போகிறவர்களுக்குத்தான் பாடம் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்குப் பிறகு அங்கன்வாடியில் சாயங்காலம் கூட்டம் வைத்து, "பாட்டிகள் கட்டாயம் வரணும்" என்று சொல்லி அனுப்பினேன்.

வயிற்றுப்போக்கைப் பற்றிப் பேசும்போது அங்கே ஒரு பழைய கதையைச் சொல்வேன். 1971இல் வங்கதேசப் போரின்போது அகதிகள் மேற்கு வங்காளத்துக்குள் வந்து குவிந்தார்கள். பாங்காவ் என்ற ஊரில் காலரா. நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துகொண்டிருந்தது, ஆட்களும் போதவில்லை. திலீப் மஹலனாபிஸ் என்ற டாக்டர் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரைப் பீப்பாய்களில் கரைத்து வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களிடமே குவளையைக் கொடுத்து ஊட்டச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில் அது 4க்கும் கீழே வந்தது. குவளை பிடித்த கைகள் அம்மாக்களுடையவை, அண்ணன்களுடையவை. இதைச் சொல்லும்போது பாட்டிகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அப்புறம் ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்துக் காட்டுவேன். அதே உப்பு-சர்க்கரைப் பொடி அடைத்த பெரிய ஓ.ஆர்.எஸ். பாக்கெட் முழுதும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. ஒரு டம்ளரில் பாதிப் பாக்கெட்டைக் கொட்டினால் உப்பு அதிகமாகி மூளையைப் பாதிக்கும். இது பல வீடுகளில் நடக்கிறது. கரைத்தது 24 மணி நேரம்தான், மீதியைக் கொட்டிவிட வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி ஸ்பூன் ஸ்பூனாக. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. துத்தநாக மாத்திரை, போக்கு நின்றாலும் 14 நாள். கடையில் விற்கும் இனிப்புப் பானத்தை ஓ.ஆர்.எஸ். என்று நினைத்து வாங்கிவிடக்கூடாது; அதில் சர்க்கரை கூடுதல், போக்கு இன்னும் அதிகமாகும்.

தொண்டை அடைப்புக்குத் துண்டைச் சுருட்டி ஒரு பொம்மை செய்து வைத்திருக்கிறேன். சீத்தாப்பழ விதை, புளியங்கொட்டை, வேர்க்கடலை, நாணயம் என்று நான் பார்த்த சாமான்களின் பட்டியலே பெரியது. அழுகிறது, பலமாக இருமுகிறது என்றால் காற்று போகிறது, அதை இருமவிட வேண்டும். சத்தமே வராமல் நீலம் பாரித்தால்தான் நம் கை வேண்டும். ஒரு வயதுக்குள் என்றால் முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தாடையைத் தாங்கி, தலை தாழ்ந்திருக்க, இரண்டு தோள்பட்டைக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அடி. வரவில்லையா, திருப்பி நெஞ்செலும்பின் நடுவில் ஐந்து அழுத்தம். மறுபடி ஐந்து, மறுபடி ஐந்து. பெரிய பிள்ளைக்கு நெஞ்சுக்குப் பதில் மேல்வயிறு. கண்ணுக்குத் தெரியாததை விரலை விட்டுத் துழாவினால் உள்ளேதான் போகும். இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, கை பழகவேண்டும். ஒவ்வொருவர் கையிலும் பொம்மையைக் கொடுப்பேன். முதலில் தட்டிக்கொடுப்பது போலத்தான் அடிப்பார்கள். "தூங்க வைக்கிறீங்களா பாட்டி? விதை வெளிய வரணும்" என்பேன். இரண்டாவது தடவை சரியாக விழும்.

காய்ச்சல் வலிப்புக்குக் கையில் இரும்புச் சாவி கொடுப்பது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. பல்லுக்கு நடுவில் கரண்டியைச் செருகுவதும் உண்டு, அதில்தான் பல் உடைந்து, ரத்தம் தொண்டைக்குள் போகும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வரக்கூடிய இந்த வலிப்பு பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தானாகவே நின்றுவிடும். ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது ஐந்து யுகம். அதற்கு நான் கொடுத்த வேலை: பிள்ளையை ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்கவை, எச்சில் வழியட்டும், கழுத்துத் துணியைத் தளர்த்து, மணியைப் பார், எழுதி வை. ஐந்து நிமிடம் தாண்டினால் 108. நின்றுவிட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

போன மார்கழியில் ஒரு ராத்திரி, எங்கள் கூட்டத்துக்கு வந்த ஒரு அப்பாயி பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார். குழந்தை அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. உதட்டில் காயம் இல்லை, மூச்சு சீராக இருந்தது. "வீட்ல என்ன செஞ்சீங்க அப்பாயி?" என்று கேட்டேன். அவர் இடது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பேரனின் பால்பாயிண்ட் பேனாவால் கோணல் மாணலாக எழுதியிருந்தது: 8.40, அதற்குக் கீழே 8.43.

டாக்டர் அந்தக் கையைப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, சீட்டில் அப்படியே எழுதிக்கொண்டார். குழந்தையின் மூடிய கைக்குள் பெட்டிச் சாவி ஒன்றும் இருந்தது. அது வாய்க்குப் போகாமல் அப்பாயியே பிடித்துக்கொண்டிருந்தார். நான் எடுக்கச் சொல்லவில்லை.