ஹெட்டை முறுக்கினால் மாறும் வட்டம்: மண்டபம் பட்டறை நாட்குறிப்பு

ஏப்ரல் 18

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி இன்றோடு நாலு நாள். கோயில்வாடியில் விசைப்படகுகளை வரிசையாகக் கட்டிவிட்டார்கள். ஜூன் 14 வரை மொத்தம் 61 நாள். மரவேலை, பெயின்ட், இன்ஜின் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். பட்டறை வாசலில் இப்போதே மூன்று இன்ஜின் பிளாக் கிடக்கிறது.

அதில் ஒன்று போன வருடம் நானே போர் போட்டு, அதாவது சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்கிக் கொடுத்தது. லைனர் (தனியாகச் செருகும் சிலிண்டர் குழாய்) கிடையாது, பிளாக்கிலேயே பிஸ்டன் ஓடும் ஆறு சிலிண்டர் இன்ஜின். பிஸ்டனும் ரிங்கும் புதுசு போட்டோம். ஆனாலும் மூன்றாம் மாதமே நீலப்புகை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று ஆவி. சம்மாட்டி, அதாவது படகு முதலாளி, சண்டை போடவில்லை. "என்னன்னு பாருங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சண்டை போட்டிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

ஏப்ரல் 21

டார்ச் அடித்து ஒவ்வொரு சிலிண்டராகப் பார்த்தேன். மேல்பகுதியில் நாலு இடம் மட்டும் கண்ணாடி போல மின்னுகிறது. நடுவில் உள்ள இடங்களில் நான் கல்லால் தேய்த்துப் போட்ட ஹோனிங் கோடு அன்றைக்குப் போட்டது போலவே இருக்கிறது. அப்படியென்றால் அங்கே ரிங் தொடவே இல்லை. மின்னும் நாலு இடமும் சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டின் போல்ட் இருக்கும் நாலு மூலைக்கு நேராக வருகிறது. ஆறு சிலிண்டரிலும் இதே கதை.

ஏப்ரல் 22

ராத்திரி தூக்கம் வரவில்லை. விடிந்ததும், அதே மாடலில் புதிதாக போர் போட்டு வைத்திருந்த இன்னொரு பிளாக்கை எடுத்தேன். தேய்ந்த பிளாக்கில் அளந்தால் எது தேய்மானம், எது கோணல் என்று பிரித்துச் சொல்ல முடியாது. கேஸ்கெட் வைத்து, ஹெட்டை மாட்டி, முழு டார்க்குக்கு (குறித்த இறுக்கத்துக்கு) முறுக்கி, பிளாக்கைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கம் வழியாக, துளையின் விட்டம் அளக்கும் போர் கேஜை விட்டேன்.

முன்–பின் ஒரு அளவு, இடம்–வலம் ஒரு அளவு. இரண்டும் ஒன்றாகவே வந்தது. இத்தனை வருடமும் நான் அளந்தது இந்த இரண்டு திசையில்தான். கேஜை 45 டிகிரி திருப்பினேன். போல்ட்டுக்கு நேராக முள் 0.03 மி.மீ. குறைத்துக் காட்டியது. ஒரு தவ்வுக்கு (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கொஞ்சம் கூடுதல். ஹெட்டைக் கழற்றினால் வட்டம் திரும்பி வந்துவிடுகிறது. போல்ட் மரையைப் பிடித்து இழுக்கும்போது அதைச் சுற்றியுள்ள இரும்பு போருக்குள் பிதுங்குகிறது. நாலு இதழ் பூ மாதிரி ஆகிவிடுகிறது. வட்டமான ரிங் அந்த இதழுக்குள் எப்படிப் போய் உட்காரும்? அந்தச் சந்து வழியாக ஆயில் மேலே ஏறும், கேஸ் கீழே இறங்கும்.

கோயம்புத்தூரில் ரேஸ் இன்ஜின் பட்டறையில் இருந்தபோது டார்க் பிளேட்டைப் பார்த்திருக்கிறேன். ஹோனிங் போடும்போது ஹெட்டுக்குப் பதிலாக முறுக்கி வைக்கும் கனத்த தகடு அது. ரேஸ்காரர்கள் சமாச்சாரம் என்று விட்டுவிட்டேன். நடுக்கடலில் நின்றால் தள்ளிவிட ஆளில்லாத இன்ஜினுக்குத்தான் அது முதலில் வேண்டும்.

மே 6

பிளேட் வந்துவிட்டது. 50 மி.மீ. கனம், மதுரையில் இரண்டு முகமும் கிரைண்டிங் போட்டது. ஹோனிங் கல் மேலே தாண்டி வர வேண்டுமே, அதனால் ஓட்டைகளை போரை விட 3 மி.மீ. பெரிதாக வைத்தேன். ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும். செயின் பிளாக் போட்டுத்தான் தூக்க வேண்டியிருக்கிறது.

போல்ட்தான் தலைவலி. ஹெட்டின் உயரம் பிளேட்டுக்கு இல்லை. அதே போல்ட்டை அப்படியே விட்டால் மரையின் அடியில் போய் முட்டும். சின்ன போல்ட் போட்டு அது பாதி மரையை மட்டும் பிடித்தால் இழுப்பு வேறு இடத்தில் விழும். பிளேட் போட்டதே வீண். கனத்த புஷ் கடைந்து போல்ட் தலைக்குக் கீழே கொடுத்தேன். இப்போது ஹெட் போட்டால் எத்தனை மரை பிடிக்குமோ அத்தனை மரைதான் பிடிக்கிறது.

மே 8

போன வருடத்து பிளாக்கை அடுத்த ஓவர்சைஸுக்கு (அடுத்த பெரிய பிஸ்டன் அளவுக்கு) போட்டேன். போரிங்கில் 0.07 மி.மீ. மிச்சம் விட்டு, மெயின் பேரிங் கேப்களை முறுக்கினேன். பிறகு அதே ரக கேஸ்கெட் வைத்து பிளேட். போல்ட் மரைக்கு எண்ணெய் தொட்டு, நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றாக முறுக்கினேன். ஹோனிங்கில் பாதியில் நிறுத்தி இரும்பை ஆறவிட்டுத்தான் அளந்தேன். சூட்டோடு அளந்தால் போர் பெரிதாகக் காட்டி ஏமாற்றும். நாலு திசை, மூன்று ஆழம், ஆறு சிலிண்டர். வித்தியாசம் 0.005-க்குள் நின்றது. ரிங்கின் இரண்டு முனைக்கு நடுவே உள்ள இடைவெளியையும் பிளேட் மாட்டியபடியே பார்த்துக்கொண்டேன்.

பிளேட்டைக் கழற்றியதும் படகு டிரைவர் கேஜை விட்டுப் பார்த்தார். "என்னண்ணே, வட்டமாவே இல்லையே?" என்றார். அவர் கையாலேயே ஹெட்டை முறுக்க வைத்து, அடியிலிருந்து அளக்கச் சொன்னேன். இரண்டு தடவை அளந்தார். பிறகு ஒன்றும் பேசவில்லை.

மே 9

டீசலில் கழுவினால் கல்தூள் கோட்டுக்குள்ளேயே நின்றுவிடும். சோப்புப் பவுடர், சுடுதண்ணீர், பிரஷ். வெள்ளைத் துணி வெள்ளையாகவே திரும்பும் வரை தேய்த்தோம். கச்சான் காற்று உப்போடு வீசுகிறது. ஈரம் துடைத்த கையோடு எண்ணெய் பூசாவிட்டால் டீ குடித்துவிட்டு வருவதற்குள் துரு பூத்துவிடும்.

மே 23

இன்னொரு சம்மாட்டி வந்தார். பிளேட் போட்டால் அரைநாள் கூடுதல், கூலியும் கூடுதல், அவருக்கு வேண்டாமாம். அவருடையது தண்ணீர் சுற்றி ஓடும் வெட் லைனர் இன்ஜின். அதில் இந்தக் கோணல் இவ்வளவு வராது, லைனர் உட்காரும் படிதான் முக்கியம் என்று சொல்லி, அதை மட்டும் அளந்து கொடுத்தேன். வேண்டாத இடத்தில் பிளேட்டுக்குக் காசு வாங்க மனசு வரவில்லை.

ஜூன் 25

படகு நாலு தங்கல் (கடலில் தங்கி மீன்பிடிக்கும் பயணம்) போய் வந்துவிட்டது. இன்று காலை பாலத்துக்கு இந்தப் பக்கம் ஜெட்டியில் நின்று பார்த்தேன். முதல் உதையில் கொஞ்சம் வெள்ளை, அப்புறம் வெறும் சூடு. ஆயில் அளவு பார்க்கும் ஸ்டிக்கில் நான் போட்டுவிட்ட கீறலிலிருந்து ஆயில் நூலளவுதான் இறங்கியிருக்கிறது. போன தடவை புகை வந்தது மூன்றாம் மாதத்தில். செப்டம்பர் வரை வாரம் ஒருமுறை ஆயில் அளவைக் குறித்து வைக்கும்படி டிரைவரிடம் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறேன்.