கல்யாணம் கட்டிட்டு கம்பஸ் போற பிள்ளைகளுக்கு, ஒருக்கா பெயிலான அக்கா எழுதுறது

போன கிழமை ஒரு தங்கச்சி கேட்டா, அக்கா நான் செக்கன்ட் இயர், ஆவணியில கல்யாணம் வச்சிருக்கு, படிப்ப விட்டிடுவமோ எண்டு யோசிக்கிறன் எண்டு. வொய்ஸ் மெசேஜ்ல சொல்ல வெளிக்கிட்டா அரை மணித்தியாலம் போகும், அதான் இருந்து டைப் பண்ணுறன். எழுத்துப் பிழை இருந்தா கண்டுகொள்ளாதீங்கோ, ஒரு கையில அகப்பை.

நான் படிச்சது எங்கட திருகோணமலை வளாகத்தில, நிலாவெளி ரோட்டில கோணேசபுரியில இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழக கம்பஸ், முகாமைத்துவம். 2022 தையில கல்யாணம். காதலா பேச்சா எண்டு எல்லாரும் கேப்பினம், ரெண்டுந்தான், அத விடுங்கோ. உப்புவெளியில மாமி வீட்டிலதான் இருக்கிறம், அவர் டவுன்ல ஒரு ஹாட்வெயார் கடையில வேலை, மாமி இடியப்பம் அவிச்சு ரெண்டு சாப்பாட்டுக் கடைக்குக் குடுக்கிறவ. மாமி இடியப்பம் அவிக்கிறதுக்கும் என்ர பரீட்சைக்கும் என்ன சம்பந்தம் எண்டு பிறகு சொல்லுறன்.

2022 எப்பிடிப்பட்ட வருஷம் எண்டு உங்களுக்கே தெரியும், நாடே பொருளாதார நெருக்கடியில கிடந்தது. கல்யாணம் முடிஞ்சு ரெண்டு மாசம் கூட இல்ல, கரண்ட் கட் தொடங்கிட்டு, பங்குனி கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினவங்கள். காஸ் இல்ல, மாமி முத்தத்தில மூண்டு கல்லு வச்சு விறகில சமைச்சவ, இடியப்ப யாவாரமும் பாதியாப் போச்சு. பெற்றோல் இல்லாததால லெக்சர் சூம்ல நடந்தது, போன்ல சார்ஜ் இருந்தா டேட்டா இல்ல, டேட்டா இருந்தா டவர் இல்ல. கம்பஸ்ல நாங்கள் கூடியிருந்து படிக்கிறத குப்பி எண்டு சொல்லுறனாங்கள்தானே, உண்மையாவே குப்பி விளக்கில படிச்ச பெச் நாங்கள்தான், அதுக்கும் மண்ணெண்ணெய் லைன்ல நிண்டு வாங்கினது.

இவ்வளவையும் சொல்லி, அதாலதான் நான் ஸ்டெட்ஸ், அதான் புள்ளிவிபரவியல், பேப்பர் பெயில் எண்டு சொன்னா நீங்கள் நம்புவீங்கள். ஆனா என்ர பெச்ல மற்ற எல்லாருக்கும் அதே இருட்டுத்தானே, அவங்கள் பாஸ்.

நான் செய்த பிழை வேற. கல்யாணம் கட்டினதால எனக்குள்ள ஒரு பயம், ஊர் என்ன சொல்லும், கட்டினாப் பிறகு படிப்பு போச்சு எண்டு சொல்லப் போகினம் எண்டு. அதால ஒரு கொப்பியில டைம்டேபிள் கீறினன், காலம 2 மணித்தியாலம், பின்னேரம் 2, இரவு 3. மற்றதெல்லாம் கட். அவர் வேலையால சைக்கிள்ல வந்து களைப்போட நிண்டு, வாரும் ஒருக்கா கடற்கரைக்குப் போய்ட்டு வருவம் எண்டு கேட்டா, எக்ஸாம் முடியட்டும். அம்மா வீட்ட ஒரு நாள் நிக்கட்டோ? எக்ஸாம் முடியட்டும். மாமி பின்னேரம் பிளேன்டீயும் கையுமா படியில வந்து குந்தினா, அவவோட கதைக்கக் கூட நேரமில்ல எண்டு அறைக்குள்ள போய்டுவன். அறைக்குள்ள போய் என்ன செய்தனான்? புத்தகத்தத் திறந்து வச்சுக்கொண்டு, வெளியில அவையள் ரெண்டு பேரும் என்ன கதைக்கினம் எண்டு காது குடுத்துக்கொண்டு இருந்தனான். 7 மணித்தியாலம் இருந்தன், 7 பக்கம் போகேல்ல. அவரோட இருந்தா படிக்கேல்ல எண்டு குற்ற உணர்வு, படிக்க இருந்தா அவர விட்டிட்டு இருக்கிறன் எண்டு குற்ற உணர்வு, கடைசியில ரெண்டும் இல்ல.

பேப்பர்ல இணைபுக் கேள்வி வந்தது, ரெண்டு விஷயம் எவ்வளவு சேந்து மாறுது எண்டு பாக்கிறது. சூத்திரம் எழுதினன், அந்த அளவு r ஐயும் கண்டுபிடிச்சன், விடைக்கு விளக்கம் எழுது எண்ட இடத்தில பேனை நிண்டிட்டு. ரிசல்ட் வந்த அண்டைக்கு பக்கத்து வீட்டு அன்ரி ஒரு ஆள், "அப்பவே நினைச்சனான்" எண்டா. மாமி ஒண்டும் சொல்லேல்ல, புட்டும் மீன் குழம்பும் கொண்டு வந்து வச்சிட்டு, "சாப்பிடு பிள்ள, ஆறப் போகுது" எண்டிட்டுப் போய்ட்டா. நான் அண்டைக்கு அழுததே அந்தப் புட்டுக்குத்தான்.

சரி, ரிப்பீட், அதே பேப்பரத் திரும்ப எழுதுறது. ஒண்டு தெரிஞ்சு வச்சுக்கொள்ளுங்கோ, ரிப்பீட்ல எவ்வளவு திறமா எழுதினாலும் சி-க்கு மேல போட மாட்டினம், அது உங்கட ஜீபீஏயை, அதான் எல்லாப் பாடத்துக்கும் சேத்த சராசரிய, திண்டுடும். டிகிரியில இரண்டாம் வகுப்பு மேல்பிரிவு, செக்கன்ட் அப்பருக்கு 3.30 வேணும், செக்கன்ட் லோவருக்கு 3.00. ஒரு பாடம் சறுக்கினா மற்றப் பாடங்களில அதப் பிடிக்க எவ்வளவு ஓட வேணும் எண்டு ஒரு பேப்பர்ல கணக்குப் போட்டுப் பாருங்கோ, நான் போட்டனான், அண்டிரவு நித்திரை இல்ல. அதவிட முக்கியம் வரவு, 80 வீதம். புது மாப்பிள்ளை வீட்டு விருந்து, கோயில் நேர்த்தி, மச்சாளுக்கு வளைகாப்பு எண்டு ஒவ்வொரு நாளா லெக்சர் விட்டா 20 வீதம் முடியிறது தெரியாது. விருந்துகள சனி ஞாயிறுக்கு மாத்தச் சொல்லி அவர் மூலமாச் சொல்லுங்கோ, நீங்கள் சொன்னா மருமகளுக்கு வாய் எண்டுவினம், அவர் சொன்னா ஓம் எண்டுவினம். அநியாயந்தான், ஆனா டிகிரி முடியும் மட்டும் அந்தச் சண்டையத் தள்ளி வையுங்கோ.

அடுத்த முறை டைம்டேபிள் கீறேக்க தலைகீழாக் கீறினன். முதல்ல விட முடியாத சந்தோஷங்கள எழுதினன், படிப்பு அதுக்குப் பிறகு மிச்ச இடத்தில. சிரிக்காதீங்கோ. செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம் டச்பே கடற்கரை, ஒரு சரை கச்சான், முக்கால் மணித்தியாலம். வெள்ளியில கோட்டை வாசலால உள்ளுக்குப் போய் கோணேசர் மலை ஏறி, வரேக்க மான் பாத்திட்டு வாறது. (ஒரு நாள் பைக்குள்ள இருந்து வெளிய நீட்டிக்கொண்டு நிண்ட என்ர ரிக்ரெஷன் எண்ட ஸ்டெட்ஸ் பாட நோட்ஸ ஒரு மான் இழுத்து அரைவாசி திண்டிட்டு, அவர் சொன்னார் பரவால்ல உமக்கு முதல் அது பாஸ் பண்ணட்டும் எண்டு.) ஞாயிறு காலம சூடை மீன் பொரியலும் பாணும், யாரும் போன் எடுக்கிறேல்ல. மாசத்தில ஒருக்கா கன்னியா வெந்நீர் ஊற்று, ஏழு கிணறிலயும் வாளியால அள்ளி ஊத்திப்போட்டு எதில சூடு கூட எண்டு சண்டை பிடிக்கிறது. செலவு எண்டு பாத்தா பஸ் காசும் கச்சான் காசுந்தான், அப்ப கம்பஸ் பிள்ளைகளுக்குக் குடுத்த மகாபொல உதவிக்காசு 5000-க்குள்ள எல்லாம் அடங்கிச்சு.

இப்பிடி எழுதி வச்சாப் பிறகு நடந்தது என்னெண்டா, திங்கக்கிழமை இரவு படிக்கேக்க மனசு அங்க இங்க அலையிறேல்ல, நாளைக்கு டச்பே இருக்கு எண்டு அதுக்குத் தெரியும். சின்னப் பிள்ளைக்கு நாளைக்கு ஐஸ்கிறீம் எண்டு சொல்லி இருத்துற மாதிரி. இரவு மூண்டு மணித்தியாலத்த ஒண்டரை ஆக்கினன், விடிய நாலரைக்கு மாமி மாக் குழைக்க எழும்பேக்க நானும் எழும்பினன். அந்த நேரம் குசினியில இடியப்ப உரல் கிறீச்சுக் கிறீச்செண்டு சத்தம் போடும், தூரத்தில கடல் சத்தம், தேத்தண்ணி ஒண்டு, அந்த ஒண்டரை மணித்தியாலந்தான் என்ர டிகிரி.

இப்ப இடியப்பம். செலவுக் கணக்கீட்டில சமப்பாட்டுப் புள்ளி எண்டு ஒண்டு வரும், லாபமும் இல்ல நட்டமும் இல்ல எண்ட இடம், நிலையான செலவ ஒரு அலகின்ர பங்களிப்பால பிரிக்கிறது. நான் அத ஆறு தரம் பாடமாக்கி ஆறு தரமும் மறந்தனான். ஒரு நாள் மாமியிட்ட கேட்டன், மாமி ஒரு இடியப்பம் 12 ரூவாவுக்குக் குடுத்து, மா, விறகு, தேங்காய்ப்பூ எல்லாம் சேத்து 7 ரூவா போகுதெண்டு வைப்பம், மிச்சம் என்ன? 5 ரூவா எண்டா. புது உரலும் தட்டும் 3000-க்கு வாங்கினா எத்தின இடியப்பம் வித்தா அந்தக் காசு திரும்பும்? மாமி கைய மாவுக்குள்ள வச்சபடியே "அறுநூறு" எண்டா. எனக்கு வாய் திறந்தபடி. பங்களிப்பு, நிலையான செலவு, சமப்பாடு எல்லாம் மாமிக்குத் தெரியும், பேர் மட்டுந்தான் தெரியாது. அண்டையில இருந்து ஒவ்வொரு பாடத்தையும் வீட்டுக்குள்ள எங்க இருக்கு எண்டு தேடினன்.

நியம விலகல், அதான் கணக்குகள் சராசரியில இருந்து எவ்வளவு தள்ளி நிக்குது எண்ட அளவு, பஸ்ல இருந்தது. ஒரு கிழமை நான் பஸ்ஸுக்கு நிண்டது 5, 10, 15, 20, 25 நிமிஷம், அடுத்த கிழமை 14, 15, 15, 15, 16. ரெண்டுக்கும் இடை, அதான் சராசரி, 15 தான். ஆனா முதல் கிழமை எனக்குப் பைத்தியம் பிடிச்சது, மற்றக் கிழமை நிம்மதியா வீட்டில இருந்து வெளிக்கிட்டன். முதலாவதுக்கு விலகல் 7-க்குக் கிட்ட வரும், மற்றதுக்கு 1 கூட இல்ல. அந்த நிம்மதி இருக்கே, அதத்தான் அளக்கிறம். சாம்பல்தீவுப் பாலம் தாண்டுறதுக்குள்ள மனசுக்குள்ள போட்டு முடிச்சிட்டன்.

மற்றது, படிச்சத ஆருக்காவது சொல்லிக் குடுக்க வேணும், பாக்காம. எனக்கு ஆள் வீட்டிலயே இருந்தார். அவர் பதினொராம் வகுப்பு ஓ.எல். சோதினையோட நிப்பாட்டினவர், கணக்கு அவருக்கு வராது, அதான் நல்லது. பெச்மேற்றுக்குச் சொன்னா ஓம் ஓம் எண்டு தலையாட்டுவாள், அவளுக்கு ஏற்கனவே தெரியும். இவர் விடமாட்டார். டச்பேயில மணல்ல இருந்து இணைபு சொல்லிக் குடுத்தன், கடல் கொந்தளிச்சு மீன்பாடு குறைய விலை ஏறும், அதால r சைபருக்குக் கீழ வரும், -1-க்குக் கிட்டப் போகப் போக உறவு இறுக்கம் எண்டு. அவர் கச்சான உடைச்சுக்கொண்டு கேட்டார், "அப்ப கொந்தளிப்பில ஐஸ்கிறீம் வானும் வாறேல்லத்தானே, ஐஸ்கிறீம் வான் வராததாலயோ மீன் விலை ஏறுது?" நான் வெடிச்சுச் சிரிச்சிட்டன், பிறகுதான் விளங்கிச்சு, ரெண்டு சேந்து போறதால ஒண்டு மற்றதுக்குக் காரணம் ஆகாது எண்டு லெக்சர்ல சொன்னது இதத்தானே. போன முறை பேனை நிண்ட இடமும் அதுதான்.

இங்கிலீஷ் மீடியம் பயம் எல்லாருக்கும் இருக்கும், ஏ.எல். தமிழ்ல எழுதிட்டு வந்து சட்டெண்டு மாறினா. நான் செய்தது, விளங்கிறது தமிழ்ல, எழுதிப் பழகிறது இங்கிலீஷ்ல. பாஸ்ட் பேப்பர் ஒண்ட எடுத்து போன்ல நேரம் வச்சு, கேள்விக்கு அரை மணித்தியாலம், முழு வசனமா எழுதுறது, மனசுக்குள்ள சொல்லிப் பாத்திட்டுத் தெரியும் எண்டு பக்கம் பிரட்டிறேல்ல. குசினிச் சுவர் மாபிள்ல வைற்போர்ட் மாக்கரால சூத்திரம் எழுதி வச்சனான், தாளிக்கிற எண்ணெய் பட்டு சிக்மா ஒண்டு இன்னும் அழியேல்ல.

சண்டை வரும், வராதெண்டு சொல்லமாட்டன். பரீட்சைக்கு முதல் நாள் நாங்கள் ஒரு துவாய்க்கு சண்டை பிடிச்சனாங்கள், ஈரத்துவாயக் கட்டில்ல போட்டதுக்கு. நான் எங்களுக்கெண்டு ஒரு சட்டம் வச்சனான், எக்ஸாம் கிழமையில வாற சண்டைகள ஒரு துண்டில எழுதி தகர டின்னுக்குள்ள போடுறது, கடைசிப் பேப்பர் முடிஞ்ச அண்டு எடுத்துப் பிடிக்கிறது. முடிஞ்ச அண்டு டின்னத் திறந்தா எட்டுத் துண்டு, ஆறு என்ன விஷயம் எண்டே ரெண்டு பேருக்கும் விளங்கேல்ல, அவற்ற கையெழுத்து அப்பிடி. மற்ற ரெண்டும் உண்மையான பிரச்சினை, அத இருந்து கதைச்சனாங்கள்.

பிள்ளை எப்ப எண்டும் கேப்பினம். உங்கட ரெண்டு பேற்ற முடிவு அது, மிட்வைஃப் மிஸ்ஸிட்ட வெக்கப்படாமக் கேளுங்கோ, அவ வடிவாச் சொல்லுவா. கேக்கிற சொந்தக்காரருக்கு நான் சொன்னது "கோணேசருக்குத்தான் தெரியும்", அதோட கதை நிக்கும்.

ரிப்பீட்ல சி வந்தது, மற்றப் பாடங்கள் காப்பாத்திச்சு, செக்கன்ட் லோவரோட வெளிய வந்தன். தங்கச்சி, ஆவணியில கட்டுங்கோ, கட்டிட்டு வந்து கம்பஸ்ல அடுத்த வருஷத்துக்கு ரிஜிஸ்டர் பண்ணுங்கோ, ஸ்டெட்ஸ் நோட்ஸ் வேணுமெண்டா என்னட்ட இருக்கு, மான் திண்ட அந்த ரிக்ரெஷன் பக்கம் மட்டும் இல்ல.

இவருக்கு இப்ப ஒரு ஆசை வந்திருக்கு, ஓ.எல். கணக்கப் பிரைவேட்டா திரும்ப எழுதப் போறாராம். குப்பி நான்தான் வைக்கிறன், டச்பேயில, ஃபீஸ் ஒரு சரை கச்சான். மூண்டு நாளா பின்னத்திலயே நிக்கிறம், அரையும் மூண்டில ஒண்டும் கூட்டினா அஞ்சில ரெண்டு எண்டு நேற்றும் அடிச்சுச் சொல்லுறார்.