தேர்வு மேசையில் காக்காப்பொன்

துணி வடிவமைப்புப் பட்டயப் படிப்பின் செய்முறைத் தேர்வை நான் இரண்டு முறை எழுதினேன். முதல் முறை தோற்றதற்குக் காரணம் வெண்கலப் பொடி. இந்த ஆண்டு ஸ்கிரீன் பிரிண்டிங், அதாவது சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை வழியாக அச்சிடும் முறை, எடுப்பவர்கள் அதே குழியில் விழக்கூடாது.

கறுப்புப் பருத்தித் துணியில் பொன்னிற மாங்காய்க் கரை அச்சிட வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். நேரம் மிச்சமாகும் என்று முந்தின இரவே பொடியைப் பைண்டரில், அதாவது அதைத் துணியில் ஒட்டவைக்கும் பசையில், குழைத்து மூடி வைத்தேன். காலையில் டப்பாவைத் திறந்தால் பசை கட்டிதட்டிக் கிடந்தது. ஓரமெல்லாம் பாசி படிந்ததுபோல் பச்சை. கடையில் வெண்கலப் பொடி என்று தருவது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். பைண்டரில் இருக்கும் அம்மோனியா அந்தச் செம்பை அரித்துவிடும். உலோகப் பொடிதான் வேண்டும் என்றால் அச்சிடும் நேரத்தில், தேவையான அளவு மட்டும் குழையுங்கள். துணியில் ஏறிய பிறகும் நாளடைவில் அது கறுக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

இரண்டாம் முறை, முத்துபோல் மின்னுவதால் முத்துப்பொடி எனப்படும் பொடிக்கு மாறினேன். நம் ஊரில் காக்காப்பொன் என்று சொல்லும் அப்பிரகம்தான் அதன் உடல். அந்த மெல்லிய செதில்மேல் டைட்டானியம் டைஆக்சைடு பூசியிருப்பார்கள்; பொன்னிறத்துக்கு இரும்பு ஆக்சைடும் சேரும். வாய்மொழித் தேர்வில் இதை நிச்சயம் கேட்பார்கள். பூச்சின் கனம் மாறினால் நிறம் மாறும், சோப்புக் குமிழியில் நிறங்கள் தெரிவதும் இதே வகைதான் என்று விளக்கினேன், அதற்குமேல் கேட்கவில்லை. ராஜஸ்தானில் துணியில் பிசின் அச்சிட்டு அதன்மேல் பொன், வெள்ளிப் பொடி தூவும் பழைய முறை இருப்பதையும் படித்துக்கொண்டு போங்கள்.

இது சாயம் அல்ல, செதில். செதில் உடையாமல், துணியில் படுத்துக் கிடந்தால்தான் மின்னும். அதனால் மிக்சியில் அடிக்கவே கூடாது. மரக்குச்சியால் மெதுவாகக் கிளறினால் போதும். 100 கிராம் பைண்டருக்கு 10 கிராம் பொடி எனக்குச் சரியாக வந்தது. பளபளப்புக்கு ஆசைப்பட்டு 25 கிராம் போட்ட மாதிரித் துணியை விரலால் தேய்த்தேன், விரல் முழுக்கப் பொன்னாகிவிட்டது. சென்டிமீட்டருக்கு 43 இழை உள்ள ஸ்கிரீன் எடுங்கள். 120 இழை வலையில் பெரிய செதில்கள் அடைத்துக்கொள்ளும். பைண்டர் மட்டும் இறங்கும்.

வெள்ளைப் பொடியாக இருந்து நீலமும் ரோஜாவும் காட்டும் வகை ஒன்று உண்டு. கறுப்பில் அது அற்புதம், வெள்ளைத் துணியில் போட்ட இடமே தெரியாது. கேள்வியில் துணியின் நிறம் என்ன என்று முதலில் பாருங்கள்.

காய்ந்ததும் துணியின் பின்புறம் 150 டிகிரி சூட்டில் நான்கு நிமிடம் இஸ்திரி போட்டேன். பொடியை எடை போடும்போது முகக்கவசம் அணியுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். அலுமினியப் பொடி என்றால் அருகில் நெருப்பே கூடாது.

தேர்வாளர் என் கரையை நேராகப் பார்க்கவில்லை. சன்னல் வெளிச்சத்தில் துணியைச் சாய்த்து, மாங்காயின் வளைவைப் பார்த்தார். நேரில் தெரியாத திட்டு அப்படிச் சாய்த்தால் தெரிந்துவிடும். ஒப்படைக்கும் முன் நீங்களும் ஒருமுறை சாய்த்துப் பாருங்கள்.