களத்தில் புளி, கைபேசியில் வானம்

மாசி பங்குனி வந்துவிட்டால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் கண் வானத்தின் மேல்தான். தர்மபுரிப் பக்கம் புளி உலுக்கும் காலம் அது. ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்துக் களத்தில் பரப்பிய புளி ஒரு தூறல் பட்டாலும் கறுத்துப் போகும். ஈரம் தங்கினால் பூஞ்சை பூக்கும். அப்புறம் வியாபாரி சொன்னதுதான் விலை.

காலையில் பிள்ளைகள் போனைப் பார்த்துவிட்டு, "பார்ட்லி கிளவுடிதாம்மா, பயமில்ல" என்பார்கள். பயப்பட வேண்டிய நாளே சில சமயம் அதுதான். வானிலைக்காரர்கள் வானத்தை எட்டுப் பங்காக வைத்துக்கொண்டு, அதில் எத்தனை பங்கு மேகம் என்று பார்க்கிறார்கள். ஒரு பங்குக்கு ஆக்டா என்று பெயர். மேகமே இல்லையென்றால் கிளியர் ஸ்கை. எட்டும் மூடியிருந்தால் ஓவர்காஸ்ட். ஏறக்குறையப் பாதி மூடியிருந்தால் பார்ட்லி கிளவுடி. மூடியிருப்பது எந்த மாதிரி மேகம் என்பது இந்தக் கணக்கில் வராது.

புளி காயவைக்கிறவர்களுக்கு வேண்டியதோ அதுதான். தை மாதத்தில் சில நாள் வானம் முழுக்க மோடம் போட்டிருக்கும். தாழ்வாக, ஒரே சாம்பல் நிறமாகப் படர்ந்த ஸ்ட்ரேட்டஸ் மேகம். பொழுது சாயும்வரை ஒரு சொட்டு விழாது. புளி காயாது, நனையவும் நனையாது. சித்திரையில் நேர்மாறு. தலைக்கு மேலே வெயில் கொளுத்தும், வத்தல்மலைப் பக்கம் மட்டும் ஒரு வெள்ளை மேகம் குமுறிக்கொண்டு மேலே ஏறும். ஓரமெல்லாம் கத்தரித்த மாதிரி கூர்மையாக இருக்கும்வரை அது இன்னும் வளர்கிறது என்று அர்த்தம். சூடேறிய தரையிலிருந்து கிளம்பும் ஈரக்காற்று அதைத் தள்ளிக்கொண்டே போகும், 12 கிலோமீட்டருக்கு மேலேகூட. உச்சி நார் நாராகப் பிரிந்து தட்டையாக விரிந்ததென்றால் அது குமுலோநிம்பஸ். இடி, சூறைக்காற்று, சில வருஷம் ஆலங்கட்டியும். அப்போது எட்டில் இரண்டு பங்கு வானம்கூட மூடியிருக்காது.

இந்தப் பெயர்களுக்கு அடிப்படை போட்டவர் லூக் ஹோவர்ட். லண்டனில் மருந்து தயாரிக்கும் தொழில் செய்தவர். சிறு வயதிலிருந்தே வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்து, 1802 டிசம்பரில் ஒரு சிறு சபையில் மேகங்களை வடிவம் பார்த்துப் பிரித்துக் காட்டினார். நார் நாராக இருந்தால் சிரஸ், குவியலாக இருந்தால் குமுலஸ், படர்ந்திருந்தால் ஸ்ட்ரேட்டஸ், மழைக்கு நிம்பஸ். பிழைப்புக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டே இதைச் செய்தவர் என்பதால் அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

அதனால் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்: போனைப் பாருங்கள், மத்தியானம் சாப்பிட உட்காருமுன் மலைப் பக்கமும் ஒரு பார்வை பாருங்கள். மேகம் அகலத்தைவிட உயரத்தில் வளர்ந்தால் புளியைக் கூட்டிக் குவித்துப் படுதா போட்டுவிட வேண்டும், வெயில் எவ்வளவு அடித்தாலும் சரி.

காலையில் ஹேஸ் என்று காட்டினால் கவலையில்லை, பெரும்பாலும் வறண்ட தூசும் புகையும்தான். மிஸ்ட் என்றால் காற்றில் நீர்த்துளி இருக்கிறது. புளி அதை இழுத்துக்கொள்ளும். வெயில் ஏறி களம் காய்ந்த பிறகுதான் விரிப்போம்.