வடை வண்டி இன்று எங்கே நிற்கும்?

கும்பகோணத்தில் தள்ளுவண்டிக்கு யாரும் விளம்பரம் செய்து நான் பார்த்ததில்லை. மகாமகக் குளத்துப் பக்கம் சாயங்காலம் பஜ்ஜி வாசனை வந்தால் அதுதான் விளம்பரம். நேற்று நின்ற இடத்தில்தான் வண்டி இன்றும் நிற்கும்.

அந்தப் பழக்கத்தில், சிங்கப்பூர் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நம்மவர் கடைகள் நிறைந்த தேக்கா வட்டாரத்தில் இறங்கி சிராங்கூன் சாலை முழுக்கத் தள்ளுவண்டி தேடினேன். பூக்கடை இருக்கிறது, வெற்றிலை இருக்கிறது, கும்பகோணம் ஃபில்டர்கூட இருக்கிறது. வண்டி மட்டும் இல்லை. ஒரு காலத்தில் இங்கேயும் தெருவெல்லாம் சாப்பாட்டுக் கடைதான். சுகாதாரக் கேடு, அடைத்துக்கொள்ளும் சாக்கடை என்று சொல்லி 1971 முதல் 1986 வரை உணவங்காடி நிலையங்களைக் கட்டி, எல்லாரையும் கூரைக்குக் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். அங்கே வளர்ந்த பண்பாடு 2020இல் யுனெஸ்கோ பட்டியல்வரை போனது. ஆனால் இன்றைக்கு உணவு வண்டி வைத்திருப்பவர் பாவம். சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் வேண்டும், நிறுத்துகிற இடத்துக்காரரின் சம்மதமும் வேண்டும். இந்த வாரம் ஒரு சந்தை, அடுத்த வாரம் ஒரு கண்காட்சி என்று ஊர்சுற்றிப் பிழைப்பு.

இந்த வண்டிகளுக்கு விளம்பரம் செய்து தரலாமே என்று எனக்குத் தொழில் யோசனை வந்தது அங்கேதான். வேலை அனுமதியில் இருந்தவரை வேலையோடு சேர்த்துத் தனியாகத் தொழில் செய்ய வழியில்லை. நிரந்தரவாசத் தகுதி கிடைத்ததும் ஆக்ராவில் பதிந்தேன். (நிறுவனங்களைப் பதியும் ஆணையத்துக்கு இங்கே அதுதான் பெயர். அம்மா தாஜ்மகால் போயிருக்கிறேன் என்றே நினைத்துக்கொண்டார்.) பெயருக்கு 15 வெள்ளி, ஒரு வருடப் பதிவுக்கு 100 வெள்ளி. உட்கார்ந்த இடத்திலேயே முடிந்தது. வாடிக்கையாளர் கிடைக்கத்தான் நான்கு மாதம் ஆனது.

முதலில் கிடைத்தவர் இறால் வடை போடுகிற அண்ணன், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். நம்மூர் உளுந்து வடை மாதிரி இல்லை. மாவு கொஞ்சம் பன் போல உப்பி வரும், மேலே ஓட்டோடு ஒரு முழு இறால் உட்கார்ந்திருக்கும், கையில் ஒரு பச்சை மிளகாயும் தருவார்கள். வடை ஒரு கடி, மிளகாய் ஒரு கடி. நான் மூன்று நாள் மெனக்கெட்டு, வாழையிலை விரித்து, பித்தளைத் தட்டு வைத்து, விளக்கெல்லாம் போட்டுப் படம் எடுத்தேன். கூடவே ‘பாட்டியின் கைமணம்’ என்று அரைப்பக்கம் எழுதியிருந்தேன். அண்ணன் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார்.

“தம்பி, எங்க பாட்டிக்குச் சமைக்கவே வராது. வடை நல்லா இருக்குன்னு நீ சொல்ல வேணாம், அத வடை பாத்துக்கும். நான் இன்னிக்கு எங்க நிக்கிறேன், அத மட்டும் சொல்லு.”

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தாலும் மனுஷன் சொன்னது சரிதான். போன சனிக்கிழமை ஈசூனில் சாப்பிட்டவர் இந்தச் சனிக்கிழமை அதே இடத்துக்கு வந்து வெறும் தரையைப் பார்த்துவிட்டுப் போகிறார். என் வேலை அவரைப் பிடித்து வைப்பது.

அதிலும் சொதப்பினேன். எங்கள் புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) வாட்ஸாப் குழுவில் இருந்த எண்களுக்கெல்லாம் தனித்தனியாக ‘இன்று பொங்கோலில் சூடான வடை’ என்று அனுப்பிவிட்டேன். பத்தே நிமிடத்தில் ஒரு பெண்ணிடமிருந்து பதில்: என் எண்ணை உனக்கு யார் கொடுத்தது? ‘அழைக்க வேண்டாம்’ பதிவேடு என்று ஒன்று 2014இலிருந்தே இங்கே இருக்கிறது. அதில் பதிந்தவருக்கு, அவர் சம்மதம் இல்லாமல் விளம்பரச் செய்தி அனுப்பினால் அபராதம்வரை போகலாம். ஊரில் கல்யாண மண்டபத்திலிருந்து கடன் கொடுக்கிறவர்வரை எல்லாரும் நம் எண்ணுக்கு அனுப்புவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது உறைக்கவே இல்லை. கையெடுத்துக் கும்பிடாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். இப்போது வண்டி ஜன்னலில் ஒரு கியூஆர் அட்டை ஒட்டியிருக்கிறேன். வடை பொரியும் நேரத்தில், வரிசையில் நிற்பவர்கள் தாங்களே ஸ்கேன் செய்து சேர்ந்துகொள்கிறார்கள். வாரம் ஒரே ஒரு செய்தி. இடம், நேரம், அவ்வளவுதான். அரைப்பக்கம் எழுதத் துடிக்கிற கையை அடக்குவதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

போன சனிக்கிழமை மூன்று மணிக்கு வானம் இடிந்து விழுகிற மாதிரி மழை. சந்தையில் ஈ காக்கை இல்லை. நானும் அண்ணனும் வண்டிக்குள்ளேயே நின்று ஆளுக்கு இரண்டு வடை சாப்பிட்டோம். நாலரைக்கு மழை விட்டதும், குடையை மடக்கிக்கொண்டே ஒரு மலாய் அம்மா வந்து பத்து வடை கட்டித் தரச் சொன்னார். வேறு எங்கும் பார்க்காமல் நேராக எங்கள் வண்டிக்குத்தான் வந்தார். செய்தியைப் பார்த்துத்தான் வந்தீர்களா என்று மலாய் தெரியாத நான் கைப்பேசியைக் காட்டிக் கேட்டேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு மூக்கைத் தொட்டுக் காட்டினார். பக்கத்து புளோக்காம்.

அண்ணன் சிரித்த சிரிப்பில் எண்ணெய்க் கரண்டியே ஆடியது. “பரவால்ல தம்பி, அடுத்த வாரம் உட்லண்ட்ஸ். எழுதிடு.”