மாவுக்கட்டும் சில்க்சாங்கும்

ஆகஸ்ட் 21, 2025, இரவு

சில்க்சாங் கேமுக்குத் தேதி வந்துவிட்டது. செப்டம்பர் 4! இன்னும் இரண்டே வாரம். வலது கை உடைந்து மாவுக்கட்டில் இருக்கிறது, இடது கையால் தட்டுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆகஸ்ட் 22

தூங்கவே இல்லை. பாதி வலி, பாதி அந்த டிரெய்லர். 2019 பிப்ரவரியில் அறிவித்தார்கள். 2022 ஜூனில் எக்ஸ்பாக்ஸ் நிகழ்ச்சியில் காட்டி, இங்கே பார்ப்பதெல்லாம் பன்னிரண்டு மாதத்துக்குள் வரும் என்றார்கள். 2023 மே மாதம் தள்ளிவைத்தார்கள், அப்புறம் கப்சிப். ஒவ்வொரு நிண்டெண்டோ நிகழ்ச்சிக்கும் ரசிகர்கள் கோமாளி மூக்கு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்ததுதான் மிச்சம். இப்போது ப்ளூம்பெர்க் பேட்டியில் இதைச் செய்யும் டீம் செர்ரியின் ஏரி கிப்சனும் வில்லியம் பெலனும் என்ன சொல்கிறார்கள் என்றால், எங்கேயும் முட்டிக்கொண்டு நிற்கவில்லையாம், செய்வதே ஜாலியாக இருந்ததாம், அதனால் சேர்த்துக்கொண்டே போனார்களாம். அடிலெய்டில் உட்கார்ந்து வேலை செய்யும் சின்னக் குழு, முதல் கேம் ஹாலோ நைட் ஒன்றரைக் கோடி பிரதி விற்றிருக்கிறது, அவர்களை யார் அவசரப்படுத்துவது? கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. வெறும் பொறாமை. என் ஆபீசில் ஒரு ரிப்போர்ட்டை 'செய்வது ஜாலியாக இருந்தது சார்' என்று சொல்லித் தள்ளிவைத்துப் பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் இது முதலில் தனி கேமே இல்லை. ஹாலோ நைட்டுக்கு 2014 கடைசியில் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் ரசிகர்களிடம் பணம் திரட்டியபோது, இந்த அளவைத் தாண்டினால் அதில் வரும் ஹார்னெட் என்ற பூச்சிப் பெண்ணாகவும் ஆட விடுகிறோம் என்று கொடுத்த வாக்கு. கூடுதல் பகுதியாகத் தொடங்கியது வளர்ந்து வளர்ந்து தாயையே விழுங்கிவிட்டது. அன்று பணம் போட்டவர்களுக்கு இது இலவசம். மற்றவர்களுக்கு 20 டாலர். எழுபது டாலருக்குக் கேம் விற்கிற காலத்தில் 20! சில சின்ன ஸ்டுடியோக்காரர்கள் இதற்கும் முணுமுணுக்கிறார்கள், இவர்களே இந்த விலைக்குக் கொடுத்தால் நாங்கள் என்ன விலை சொல்வது என்று. அதிலும் நியாயம் இருக்கிறது.

ஆகஸ்ட் 24

உள்ளே அரிக்கிறது. எதையும் உள்ளே விட்டுச் சொறியக் கூடாதாம்.

ஆகஸ்ட் 27

விநாயகர் சதுர்த்தி. அம்மா கொழுக்கட்டையைக் கையில் கொடுக்காமல் தட்டில் ஸ்பூன் போட்டு வைத்தாள். ஸ்பூனால் கொழுக்கட்டை சாப்பிடுவது மாதிரி ஒரு அவமானம் கிடையாது.

மற்ற கேம்காரர்கள் எல்லோரும் சில்க்சாங்குக்கு வழிவிட்டு ஓடுகிறார்கள். டெமன்ஸ்கூல் செப்டம்பர் 3இலிருந்து நவம்பருக்குப் போய்விட்டது, பேபி ஸ்டெப்ஸ் 8இலிருந்து 23க்கு, க்ளோவர்பிட் மாதக் கடைசிக்கு. இரண்டு வாரம் முன்னால் ஒருவன் தேதி சொன்னால் மற்றவன் வருஷக்கணக்கான திட்டத்தை மாற்ற வேண்டியிருக்கிறது. டீம் செர்ரி மேல் தப்பு சொல்ல முடியாது. ஆனால் 'எங்கள் கேமை அந்த வாரம் யாரும் பார்க்க மாட்டார்கள்' என்று வெளிப்படையாக எழுதி ஒத்திவைக்கிறார்களே, அதைப் படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது. ஹெல் இஸ் அஸ் மட்டும் அதே 4ஆம் தேதியில் நிற்கிறது. தைரியம்தான்.

ஆகஸ்ட் 30

கன்ட்ரோலரைப் பிடித்துப் பார்த்தேன். பெருவிரலையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். தாவுவது, குத்துவது எல்லாம் அந்த ஒரு விரல்தான். சுண்டு விரலால் பட்டனை அமுக்கியதில் உயிர் போனது.

செப்டம்பர் 4

மாலை ஏழரை. கடைப் பக்கம் திறக்கவே இல்லை. வெள்ளையாக நிற்கிறது. மறுபடி அழுத்தினால் கூடையில் விழுகிறது, பணம் கட்டும்போது செத்துப்போகிறது. உலகம் பூராவும் இதே கதையாம், எந்தக் கடையும் தாங்கவில்லை. முன்பதிவு வைக்காததால் எல்லோரும் ஒரே நொடியில் வந்து மோதினார்கள். ஒரு வழியாக வாங்கிவிட்டேன். கம்ப்யூட்டர் கேம் கடையான ஸ்டீமில் மட்டும் ஒரே நேரத்தில் 5 லட்சம் பேருக்கு மேல் ஆடுகிறார்கள்.

வாங்கி, இறக்கி, திறந்து, முதல் திரையில் வைத்துவிட்டு இசையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இசையமைத்த கிறிஸ்டோபர் லார்கின் என்னைக் கொல்கிறார். அம்மா வந்து, "இதுக்கா இவ்வளவு நேரம் போராடினே? படம் நகரவே இல்லையே" என்றாள்.

நாளை மிலாது நபி லீவு. அக்கா பையனை வரச் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 5

பயல் ஒன்பது மணிக்கே வந்துவிட்டான். காலாண்டுத் தேர்வு நெருங்குகிறது என்று அக்கா போனில் என்னைத் திட்டினாள், அவனை இல்லை. சித்தி கையொடிந்து கிடக்கிறாள், துணைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

ஹார்னெட்டின் கீழ்நோக்கிய குத்து நேராக இறங்குவதில்லை, சாய்வாகப் பாய்கிறாள். பழைய கேமில் வீரன் நேராகக் கீழே குத்தி எகிறுவான். பயலும் அந்தப் பழக்கத்தில் முள்ளுக்கு நேர் மேலே போய் நின்று குத்துகிறான், அவள் தள்ளிப் போய் முள்ளிலேயே விழுகிறாள். பார்க்கப் பார்க்க எனக்குக் கை துடிக்கிறது. முன்கூட்டியே பின்வாங்கணும்டா! "நீங்க ஆடியிருக்கீங்களா சித்தி?" என்று கேட்டான். பதில் சொல்லவில்லை.

செப்டம்பர் 6

சீனாவில் கழுவிக் கழுவி ஊற்றுகிறார்கள். கேம் மோசம் என்று இல்லை, மொழிபெயர்ப்பு கொடுமை என்று. ஸ்டீம் ஆகஸ்டில்தான் மதிப்பீட்டை மொழிவாரியாகப் பிரித்துக் காட்ட ஆரம்பித்தது, அதனால் ஆங்கிலத்தில் ஆகா ஓகோ, எளிய சீனத்தில் சிவப்பு. சரி செய்வதாக டீம் செர்ரி தரப்பில் சொல்லியிருக்கிறார்கள். ஒரே கேம், இரண்டு ஊர். எனக்கோ இரண்டும் இல்லை, படிக்க மட்டும் விதித்திருக்கிறது.

செப்டம்பர் 9

பேட்ச், அதாவது கேமில் செய்யப்போகும் திருத்தங்களின் குறிப்பு வந்திருக்கிறது. மூர்விங், சிஸ்டர் ஸ்ப்ளின்டர் என்ற இரண்டு பாஸ்களையும் (பெரிய எதிரிகள்) கொஞ்சம் இளக்குகிறார்கள், நடுவில் வரும் பெஞ்சு, வேகமாக இடம் மாறிப் போக உதவும் மணிப்பாதை விலையைக் குறைக்கிறார்கள். பயல் நேற்று இரவுதான் மூர்விங்கை முடித்தான். இனி வாழ்நாள் பூராவும் இதைச் சொல்லிக்கொண்டிருப்பான், நான் பேட்ச்சுக்கு முன்னால் முடித்தவன் என்று.

கஷ்டம் கஷ்டம் என்று கூச்சல். மறுபக்கம், ஆடத் தெரியாவிட்டால் போ என்கிற கூட்டம். இரண்டாவது கூட்டத்தில்தான் நான் இருந்தேன், போன வாரம் வரை. இப்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது கணக்கு வேறு மாதிரி தெரிகிறது. ஆரம்பத்தில் ஐந்து முகமூடி உயிர். பாஸ் அடித்தால் பல நேரம் இரண்டு போகும், ஆக மூன்றாவது அடியில் காலி. நான்கு துண்டு தேடிச் சேர்த்து ஆறாவது முகமூடி வாங்குகிறாய், அப்போதும் மூன்றாவது அடியில்தான் காலி! உயிர் ஏற்றினால் ஒரே மூச்சில் மூன்று வருகிறது, ஆனால் எதிரிகளை அடித்துச் சேர்த்த பட்டு முழுவதும் தீர்ந்துவிடும். இதைக் கஷ்டம் என்று நான் சொல்ல மாட்டேன். தேடியதற்குக் கூலி கொடுக்காத கஞ்சத்தனம் என்பேன். புகார் சொல்பவர்களில் பாதிப் பேர் இதைத்தான் சொல்ல வருகிறார்கள், ஆத்திரத்தில் வேறு வார்த்தை வந்துவிடுகிறது.

ஜெபமணிதான் அங்கே காசு. செத்தால் கீழே விட்டுவிடுவாய், திரும்பிப் போய் எடுக்க வேண்டும். நூலில் கோத்து வைத்துக்கொண்டால் செத்தாலும் போகாது, ஆனால் கோப்பதற்குக் கூலி எடுத்துக்கொள்வார்கள். உட்கார்ந்து மூச்சு விடுகிற பெஞ்சுக்கே சில இடத்தில் காசு. ஹன்டர்ஸ் மார்ச் என்ற பகுதியில் ஒரு பெஞ்சு பொறி வைத்திருக்கிறது. அப்பாடா என்று பயல் உட்கார்ந்தான், அடி விழுந்தது. அவன் கத்திய கத்தில் அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள், என் கைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதென்று. எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. அந்தப் பெஞ்சு ஒன்றுக்காகவே கேம் செய்தவர்களை மன்னிக்கலாம். பெஞ்சை மட்டும் அவர்கள் திருத்திவிடக் கூடாது.

பேட்ச் வேண்டாம் என்கிறேனா, வேண்டும் என்கிறேனா, எனக்கே தெரியவில்லை. நான் ஆடும்போது அந்த மூர்விங் இருக்காது. அதுதான் உறுத்துகிறது.

செப்டம்பர் 11

பயலுக்குப் பரீட்சை. வீடு அமைதி. கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை.

செப்டம்பர் 13

பார்டர்லேண்ட்ஸ் 4 வந்திருக்கிறது. கன்சோல்காரர்கள் பரவாயில்லை என்கிறார்கள், கம்ப்யூட்டர்காரர்கள் திணறுகிறது, நொண்டுகிறது என்று கொதிக்கிறார்கள். துப்பாக்கி சுடுவது நன்றாகத்தான் இருக்கிறதாம். எழுபது டாலர் கொடுத்தவனுக்குக் கோபம் வராதா? அதைத் தாண்டி எனக்கு அதில் ஆர்வமில்லை.

செப்டம்பர் 14

இன்று ஒரு காரியம் செய்தோம். ஞாயிறு, பரீட்சைக்கு நடுவில் ஒரு மணி நேரம் மட்டும் என்று கெஞ்சிவிட்டு வந்தான். கன்ட்ரோலரின் இடப்பாதி எனக்கு, வலப்பாதி அவனுக்கு. தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தோம். நடப்பது, திரும்புவது நான். தாவுவது, குத்துவது அவன். புது ஸேவ், முதலிலிருந்து.

முதல் பத்து நிமிடம் கர்மம். நான் ஓடுகிறேன், அவன் தாவவில்லை. அவன் தாவுகிறான், நான் பின்னால் போகிறேன். சாதாரணப் பூச்சி ஒன்று எங்களைக் கொன்றது. "சித்தி, இப்போ!", "தாவுடா, தாவு!" அப்புறம் பேச்சு நின்றுவிட்டது. அந்தச் சாய்வுப் பாய்ச்சல் இருக்கிறதே, அதில் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறாள் என்பது என் கையில், எப்போது இறங்குகிறாள் என்பது அவன் கையில். ஒரு தடவை சரியாக விழுந்தது, இரண்டாவது தடவையும், மூன்றாவதும், தரையைத் தொடாமல் எகிறி எகிறி மேலே போய்விட்டோம். எனக்கு இடது கட்டைவிரலில் இன்னும் அந்த அதிர்வு இருக்கிறது.

பார்த்துக்கொண்டிருந்தபோது சாய்வு தப்பு என்று நினைத்தேன். இல்லை. சாய்வுதான் சரி. நின்ற இடத்திலிருந்து அடிக்காதே, போய்க்கொண்டே அடி என்கிறாள்.

அம்மா: "அந்தச் சிவப்புத் துணி கட்டின பூச்சி எதுக்குத்தான் இப்படிச் செத்துச் செத்து எழுந்திரிக்குது?"

செப்டம்பர் 17

எக்ஸ்ரே. இன்னும் கூடவில்லையாம். உடைந்த அந்தச் சின்ன எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு, மெதுவாகத்தான் சேரும் என்றார் டாக்டர். கட்டை மாற்றி மறுபடி போட்டார்கள். வெட்டி எடுத்ததும் கை எனக்குச் சொந்தமில்லாதது மாதிரி மெலிந்து, தோல் உரிந்து... வேண்டாம்.

செப்டம்பர் 18

எதையும் படிக்கப் பிடிக்கவில்லை. "40 மணி நேரம் ஆடினேன், ஏமாற்றம்" என்று ஒருவன் எழுதியிருந்தான். 40 மணி நேரம். கையிருக்கிற கொழுப்பு.

செப்டம்பர் 21

லாஸ்ட் ஜட்ஜ் என்ற பாஸ். அவனுடைய ஸேவில். சாகிறோம், பெஞ்சிலிருந்து மறுபடி அந்தப் படிகளெல்லாம் ஏறி, காற்றில் மிதந்து, துளைத்துக்கொண்டு வருகிற எதிரிகளிடம் தப்பி, வாசலுக்கு வருவதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது. பாஸைப் பற்றிப் புகார் சொல்பவர்களோடு நான் இல்லை, இந்த நடையைப் பற்றிச் சொல்பவர்களோடு இருக்கிறேன், கட்சி மாறிவிட்டேன். சண்டையில் தோற்றால் ஏதோ கற்றுக்கொள்கிறாய். நடையில் என்ன கற்பது? பயல் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த நடையில்தான் சித்தி கோபம் ஆறும், உடனே உள்ளே விட்டால் அதே தப்பைத்தான் செய்வோம் என்றான். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறவன் சொல்கிறான்.

பத்து மணி வாக்கில் அடித்து வீழ்த்தினான். இருவரும் எழுந்து குதித்தோம். செத்த ஜட்ஜ் வெடித்து ஹார்னெட்டையும் கொன்றது.

அவன் அழுகிற நிலைக்குப் போய்விட்டான். நல்லவேளை, வெற்றி கணக்கில் வந்திருந்தது.

செப்டம்பர் 26

ஹேடிஸ் 2 முழுசாக வந்துவிட்டது, நேற்று. சண்டை பிரமாதம், முடிவுதான் சரியில்லை என்று இப்போதே ஆரம்பித்துவிட்டார்கள். ஒரே நாளில் முடிவு வரை எப்படிப் போனார்கள்? முன்னோட்டப் பதிப்பிலேயே ஊறியவர்களாக இருக்கும். இதையும் வாங்கி வைத்திருக்கிறேன். வாங்குவதற்கு இடது கை போதும்.

செப்டம்பர் 28

காலாண்டு லீவு, பயல் வந்துவிட்டான். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, எங்கேயோ வேறு வீட்டில் ஆடியிருக்கிறான். கேட்டால் சிநேகிதன் வீட்டில், கொஞ்சம்தான், என்கிறான். "சித்தி, மூணாவது அங்கம் எப்படித் திறக்கும்னு சொல்லட்டுமா?" வாயை மூடுடா என்று தலையணையை எறிந்தேன்.

சொல்லிவிட்டான்.